மோரும் பூட்டும்

பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வெயில் விஷயத்தில் ஒரு திமிர் உண்டு. எனக்கும் இருந்தது. ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டில் நான் பத்தாவது முடிக்கிற வரைக்கும் மின்விசிறியே கிடையாது. வேலூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் ஏப்ரல் மாதத்தில் எங்களிடம் போர்வை கேட்பார்கள். அந்தக் குளிரை என்னவோ நாங்களே செய்து வைத்ததுபோலப் பெருமையாக எடுத்துக் கொடுப்போம். அந்தத் திமிரை விடாமல் வைத்துக்கொண்டுதான், தண்ணீர்ப் பஞ்சம் வந்த அந்தக் கோடையில், என்னிடம் வேலை பார்த்த எட்டுப் பெண்களிடம் "இதெல்லாம் ஒரு வெயிலா?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தேன்.

பானஸ்வாடிப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். மூன்று பிளாக், நூற்றுச் சொச்சம் வீடுகள். பெருக்குவது, துடைப்பது, குப்பை பிரிப்பது, மொட்டை மாடியைச் சுத்தமாக வைத்திருப்பது எல்லாம் என் பொறுப்பு. பொறுப்பு என்றால், செய்வது அந்த எட்டுப் பேர், செய்ய வைப்பது நான்.

எட்டுப் பேரில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஜீவனஹள்ளிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். என் அம்மாவோடு ஒரே கார்மென்ட்ஸில் வேலை பார்த்தவர் என்பதால் என்னைப் பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே தெரியும். இந்த வேலைக்கு அவரைக் கூட்டி வந்ததும் நான்தான். நாலு பேர் இருக்கும்போது என்னை 'மேடம்' என்பார், யாரும் இல்லாதபோது 'கண்ணு' என்பார். அப்படி 'மேடம்' என்று கூப்பிடச் சொன்னதே நான்தான். சொல்ல வந்த பிறகு அரைகுறையாகச் சொல்வதில் அர்த்தமில்லை.

மார்ச் மாதமே இரண்டு போர்வெல்லும் வற்றிவிட்டன. டேங்கருக்காகக் காத்திருப்பதே எல்லோருக்கும் வேலையாகப் போனது. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் என்று குழாயில் தண்ணீர் விட்டார்கள். எங்கே எல்லாம் தண்ணீரைக் குறைக்கலாம் என்று பேச அசோசியேஷன் கமிட்டி கூடியது. முதல் தடவையாக என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஐந்து வருடம் கதவோரம் நின்று குறிப்பெடுத்தவளுக்கு அது பெரிய விஷயம்தான். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பிஸ்கட் தட்டு என் பக்கமும் வந்தது.

நீச்சல் குளத்தை மூடலாம் என்றார் ஒருவர். கார் கழுவுவதை நிறுத்தலாம் என்றார் இன்னொருவர். தோட்டத்துக்கு விடுவதைப் பாதியாக்கலாம் என்றார்கள். எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்: "பேஸ்மென்ட்ல லேடீஸ் ஸ்டாஃப் டாய்லெட் இருக்கு சார். அதை லாக் பண்ணிடலாம். பின்கேட்ல ஒண்ணு இருக்குல்ல, கொஞ்ச நாளைக்கு அதுவே போதும்." செயலாளர் நிமிர்ந்து பார்த்து, "குட் ஐடியா" என்றார். அந்த இரண்டு வார்த்தையை அன்று பஸ்ஸில் வீடு வரைக்கும் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். அந்த ஆண்டி நான்தான்.

பின்கேட் கழிப்பறை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அது செக்யூரிட்டி ஆட்களுக்காகக் கட்டியது. உள்தாழ்ப்பாள் கிடையாது. கதவுக்கு நேர் எதிரே மூன்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஷிஃப்ட் மாறுகிற ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான் ஒரு நாளும் அங்கே போனதில்லை. எனக்குக் கிளப் ஹவுஸ் கழிப்பறை இருந்தது.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு வழியில்லை. பத்தொன்பது வயதில் சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் நின்றேன். முதலாளி குடும்பம் வந்தால் மட்டும் திறக்கிற கழிப்பறை ஒன்று அங்கே இருந்தது. நாங்கள் ஆறு பெண்கள் காலையில் அரை டம்ளர் டீயோடு வீட்டை விட்டுக் கிளம்புவோம். தாகம் எடுத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுவோம், விழுங்க மாட்டோம். சாயங்காலம் வீடு வந்துதான் எல்லாமே. இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலில் படுத்து, அம்மாவிடம் காரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்தேன். பூட்டினால் என்ன நடக்கும் என்பது அந்த மீட்டிங் அறையில் இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தவள்தான் சொன்னேன்.

மறுநாள் நானே பூட்டு வாங்கி வந்து பூட்டினேன். எட்டுப் பேரையும் நிற்க வைத்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க, எல்லாருக்கும்தான் தண்ணி கஷ்டம்" என்றேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து வெயில் நிஜமாகவே ஏறியது. நகரத்தில் அங்கங்கே ஆட்கள் மயங்கி விழுவதாகப் பேசிக்கொண்டார்கள். வெயிலில் வேலை செய்கிறவர்களுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று கமிட்டி விரும்பியது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும், உச்சி வெயிலில் நிழலில் இருக்க வேண்டும், தலை சுற்றினால் உடனே சொல்ல வேண்டும் என்று கன்னடம், தமிழ், இந்தி மூன்றிலும் அச்சடித்த தாளை லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். தமிழில் இருந்த இரண்டு பிழைகளைக்கூடப் பேனாவால் திருத்தினேன். தினமும் பதினொரு மணிக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுக்கவும் ஏற்பாடானது. நானே நின்று ஊற்றினேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஆளை நான் பார்த்ததில்லை.

மோரை வாங்கிக்கொண்டவர்கள் குடிக்கவில்லை. ஒருத்தி பாட்டிலில் ஊற்றி வீட்டுக்கு எடுத்துப் போனாள். ஒருத்தி குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றுவதை நானே பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது. "குடுக்கற அன்னைக்குக் குடிக்க மாட்டீங்க, குடுக்கலைன்னா பேசுவீங்க" என்று சத்தம் போட்டேன். அக்கா குறுக்கே வந்து, "மோரு ஒத்துக்கலன்னா இன்னா பண்ணுவா மேடம், வுடுங்க" என்றார். சாயங்காலம் அவர்களுடைய தண்ணீர் பாட்டில்கள் காலையில் கொண்டுவந்தபடியே நிறைந்திருப்பதையும் பார்த்தேன். பார்த்தேன் என்பதை அடித்துச் சொல்கிறேன். பார்த்துவிட்டு, பெங்களூர் வெயில் அவ்வளவு மோசமில்லை என்றுதான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அன்று வியாழக்கிழமை. பி பிளாக் மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் பக்கம் புறா எச்சம் காய்ந்து கிடக்கிறது என்று ஒரு கமிட்டி மெம்பர் படம் எடுத்து அனுப்பியிருந்தார். காலை ஆறரைக்கே செய்திருக்க வேண்டிய வேலை. படம் வந்தது பதினொன்றரைக்கு. 'இம்மீடியட்' என்று எழுதியிருந்தார். நான் அக்காவையும் இன்னொரு பெண்ணையும் அனுப்பினேன். புடவைக்கு மேலே எங்கள் ஆட்கள் போடுகிற நீலக் கோட்டு முழுக்கை, டெரிகாட்டன் மாதிரியான துணி. மாடியில் போட்டிருப்பது சிமென்ட் தரை. அக்கா போகும்போது ஒரு நிமிடம் நின்று, "சாயங்காலமா பண்ணிடட்டுமா?" என்று கேட்டார். "படம் போட்டுட்டாங்க அக்கா, சீக்கிரம் முடிச்சிட்டு வந்துடுங்க" என்றேன்.

ஒரு மணி இருக்கும். கூடப் போன பெண் போன் செய்தாள். "மேடம், அக்கா என்னமோ மாதிரி பேசுது. சீக்கிரம் வாங்க." அவள் குரலிலேயே தெரிந்தது.

தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்ந்து அக்கா உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்து, உதடு வெடித்திருந்தது. அந்த வெயிலில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. கையைத் தொட்டேன், இஸ்திரி போட்டு முடித்த துணிபோலச் சுட்டது. என்னைப் பார்த்து, "கார்மென்ட்ஸ் பஸ்ஸு போயிடிச்சா?" என்று கேட்டார். அவர் அந்த வேலையை விட்டுப் பல வருடமாகிறது. வாட்ச்மேனுக்கு போன் செய்து மேலே வரச் சொன்னேன்.

வாட்ச்மேன் 108-க்கு அடித்து போனை என் காதில் வைத்தார். பேசிய பெண் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். நிழலுக்கு மாற்றுங்கள், மேல் சட்டையைக் கழற்றுங்கள், உடம்பு முழுக்க ஈரம் செய்து விசிறுங்கள், ஐஸ் இருந்தால் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள், நினைவு தெளியாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். நான் அதற்குள் ஒரு டம்ளரை அவர் வாயருகே கொண்டு போயிருந்தேன். கீழே வைத்தேன். படிக்கட்டு நிழலுக்குத் தூக்கி வந்து கோட்டைக் கழற்றி, பக்கெட் பக்கெட்டாக ஊற்றினோம். எட்டாவது மாடி வீடுகளில் கதவு தட்டி ஐஸ் வாங்கி வந்தார்கள். நான் அட்டைப் பெட்டியைக் கிழித்து விசிறிக்கொண்டே இருந்தேன். ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் அவருக்கு எதுவும் ஆகிவிடக்கூடாது என்பது மட்டும்தான் எனக்கு இருந்தது. ஏன் இப்படி ஆனது என்கிற யோசனையை நான் மனசுக்குள் வர விடவில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று முதல் நாள் சாயங்காலமே சொல்லிவிட்டார்கள். கிட்னி அடிவாங்கியிருக்கிறது, தேறும், முழுசாகத் தேறுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார்கள். இரண்டாம் நாள் அக்கா தெளிவாக இருந்தார். நான் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தபோது அந்த இளம் டாக்டரம்மா வந்து கன்னடத்தில் கேட்டார்: "நீரு யாகெ குடிலில்லம்மா?" தண்ணீர் ஏன் குடிக்கவில்லை என்கிற அந்தக் கேள்விக்கு எட்டுப் பேருக்கும் பதில் தெரியும். எனக்கும் தெரியும்.

அக்கா டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "பாயாரிகெனே ஆகலில்ல" என்றார். தாகமே எடுக்கவில்லையாம்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். படித்தவள் என்று நினைத்திருப்பார், கழுத்தில் ஐடி கார்டு தொங்கியது. "இவரெல்லா ஹீகேனே மேடம், எஷ்டு ஹேளிதரூ கேளல்ல" என்றார். இவர்களெல்லாம் இப்படித்தான், எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டார்கள் என்று. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். "ஹௌது டாக்டர்" என்றும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று கேட்டால், பூட்டுப் போட்டதைச் சொல்ல மாட்டேன். இதைத்தான் சொல்வேன்.

அன்று சாயங்காலம் பேஸ்மென்ட் பூட்டைத் திறந்தேன். காரணம் சொல்லவில்லை. மற்ற ஏழு பேரும் இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை, திறந்திருப்பதை நம்பவில்லைபோல. மூன்றாம் நாள்தான் ஒருத்தி என்னிடம் வந்து, "போலாமா மேடம்?" என்று கேட்டாள். நாற்பது வயதுப் பெண், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா, என்னிடம் வந்து இதற்கு அனுமதி கேட்கிறாள். பேஸ்மென்ட் பக்கம் கையை மட்டும் காட்டினேன்.

அடுத்த கமிட்டி மீட்டிங்கில் சொல்லிவிட்டேன். டாய்லெட்டைப் பூட்டியதால்தான் அவர்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள், பூட்டச் சொன்னது என் தவறு என்று. எழுந்து நின்று திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. ஒரு அம்மா மட்டும் கொஞ்ச நேரம் தலை குனிந்திருந்தார். செயலாளர், "நீங்க ஃபீல் பண்ணாதீங்க. கஷ்டமா இருந்தா அவங்க சொல்லியிருக்கலாமே. வாய் இருக்குல்ல" என்றார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

சொல்லியிருக்கலாமே என்கிற அந்த வார்த்தையை நான் பத்திரமாக எடுத்துக்கொண்டேன். நியாயம்தானே என்று பட்டது. அக்கா என்னைக் கண்ணு என்று கூப்பிடுகிறவர். மற்றவர்கள் பயந்தார்கள் என்றால் சரி, அவர் என் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மறுநாளே திறந்திருக்க மாட்டேனா? இப்படி நினைக்க நினைக்க நெஞ்சில் கொஞ்சம் பாரம் குறைந்தது. அவர் மேல் எனக்கு லேசாக வருத்தம்கூட வந்துவிட்டது. பழியை நகர்த்தி வைக்க இடம் கிடைத்தால் மனுஷ மனசு எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்று இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

அதற்கடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு இளநீரைத் தூக்கிக்கொண்டு ஜீவனஹள்ளிக்குப் போனேன். மாடியில் ஷீட் போட்ட ஒரே அறை. மகள் வேலைக்குப் போயிருந்தாள். அக்கா பாயில் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. இளநீரைப் பார்த்துச் சிரித்தார்.

"டாக்டரம்மா எளநி தொடவே கூடாதுன்ட்டாங்க கண்ணு, கிட்னிக்கு ஆவாதாம். வெயில்ல வந்திருக்க, நீயே ஒண்ணு குடி."

நான் குடிக்கவில்லை. அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன். "அக்கா, டாய்லெட்டை மூடச் சொன்னது கமிட்டி இல்ல. நாந்தான் சொன்னேன்."

"தெரியும்" என்றார்.

"யார் சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? நீங்க பேசறப்ப நான் வெளியத்தான கண்ணாடி தொடச்சிக்கினு இருந்தேன்."

வழியெல்லாம் கொண்டு வந்த அந்த இன்னொரு வார்த்தையும் அப்போது என் வாயிலிருந்து வந்துவிட்டது. "தெரிஞ்சும் ஏங்க்கா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? சொல்லியிருந்தா நான் தெறந்திருப்பேன்ல?" கேட்கும்போது என் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இருந்தது. எனக்கே கேட்டது.

 அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவளுங்க ரெண்டாம் நாளே செக்ரட்டரி சார் வூட்டுக்குக் கெளம்பிட்டாளுங்க. எல்லாரும் சேந்து கேக்கலாம்னு. நாந்தான் நிறுத்துனேன். நம்ம பொண்ணு, எத்தினி வருசம் நின்னுக்கினே வேல பாத்திச்சி, இப்பதான் பெரியவங்க நடுவுல ஒக்கார வச்சிருக்காங்க, அது சொன்ன மொத பேச்ச நம்மளே போயி தப்புன்னு சொன்னா அதுக்குக் கேவலம்னேன். கொஞ்ச நாள்ல மழ வந்துடும், அது வரைக்கும் சமாளிக்கலாம்னேன். ஒருத்தி ஒத்துக்கல. குடிக்காம எப்பிடிக்கா வெயில்ல வேல செய்யறதுன்னு சண்டைக்கி வந்தா. முடியும்டி, என்னயப் பாருன்னேன். சொல்லிட்டோமே, அப்புறம் அவளுங்க எதுக்க நான் குடிக்க முடியுமா? காலையில டீயையும் நிறுத்திட்டேன்."

நான் செய்தது தவறில்லை என்று ஏழு பேருக்கு நிரூபிப்பதற்காக அவர் குடிக்காமல் இருந்திருக்கிறார். நான் மோர் ஊற்றியபோதும், மோரைக் கொட்டியவளை நான் திட்டியபோதும், படம் போட்டுவிட்டார்கள் என்று நான் அனுப்பி வைத்தபோதும், என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். வாய் இருக்கிறதே, சொல்லியிருக்கலாமே என்று நான் வழியெல்லாம் நினைத்து வந்து, கேட்டும்விட்டதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கும் தைரியம் இன்றுவரை எனக்கு வரவில்லை.

தலையைக் குனிந்து அழுதேன். அழக்கூடாது, அழுவதற்கு எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மெதுவாக என் பக்கம் வந்து உட்கார்ந்து, "வுடு கண்ணு, எனக்குத்தான் ஒண்ணும் ஆவலியே" என்று முதுகைத் தடவிக் கொடுத்தார். அதையும் நான் வாங்கிக்கொண்டேன்.